செவ்வாய் இரவு, பதினொன்று நாற்பது

இஞ்சியோன் விமான நிலையத்தில்
பெட்டியை நிறுத்தார்கள்.
இருபத்திரண்டு கிலோ அறுநூறு.
வயிற்றை யாரும் நிறுக்கவில்லை.
அதற்கு ஒரு கடிதம் போதுமாம்:
முப்பத்து நான்காம் வாரம், பறக்கலாம்.

கடிதம் சரி. விசாதான் இல்லை,
முடிந்து மூன்று வருடம்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன்
பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டினான்.
"போனால் ஐந்து வருடம் உள்ளே வர முடியாது, தெரியுமா?"
தெரியும் என்றேன்.
முத்திரையை மெதுவாகத்தான் வைத்தான்,
பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

ஜர்கல் நுழைவாயிலோடு நின்றுவிட்டான்.
அவனிடமும் காகிதம் இல்லை.
அடுத்தவர் வீட்டுப் பியானோக்களை
ஏழாம் மாடிக்குத் தூக்குகிறவன்.
கட்டிக்கொண்டால் நடுவில் பிள்ளை இடித்தது.
தோளோடு தோள் ஒட்டி நின்றோம்
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

அன்சானிலும் ஆஸ்பத்திரி உண்டு.
அங்கே பெற்றால் பிள்ளைக்குப் பதிவு இல்லை என்பது
நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம்.
பணம் இன்னொன்று.
நான் சொல்லாதது:
வலிக்கும்போது எந்த மொழியில் கத்துவது என்று
யோசிக்க என்னால் முடியாது.
ஏழு வருடம் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தேன்.
ஊசி விரலில் ஏறினாலும்
மரியாதை விகுதி சேர்த்தே வலித்திருக்கிறது.

உலான்பாத்தர் மைனஸ் இருபத்தொன்பதில் இருந்தது.
அக்கா சோல்மோன் வந்திருந்தாள்.
டாக்ஸிக்காரனிடம் பேரம் பேசியபடியே
ஆட்டுத்தோல் கோட்டை என்மேல் எறிந்தாள்.
நகரம் நெருங்க நெருங்க
வானம் பழுப்பு, தொண்டையில் நிலக்கரி.
இரவில் வெளியே தூக்கிப்போகும் பிள்ளைக்கு
நெற்றியில் கரி தொட்டு வைப்போம், கெட்டது அண்டாமலிருக்க.
இந்தக் குளிர்காலத்தில் அடுப்பைத் தேட வேண்டாம்;
முகத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் போதும்.
இதற்குத்தானா வந்தாய் என்று
முதல் இருமல் கேட்டது.

ஐந்து வாரம்.
பச்சைச் சுவர், ஒரு சக்கரம் ஆடும் கட்டில்.
வலி வந்ததும் வாயைத் திறந்தேன்,
இதற்கென்றே எல்லை தாண்டிக் கொண்டுவந்த வாயை.
"ஆப்பாயோ!"
கொரிய மொழியில்.
வலிக்குதுங்க, என்று.

செவிலி துல்மா நிமிர்ந்து பார்த்தாள்.
அப்புறம் சிரித்துவிட்டாள்.
"புரியுது, புரியுது.
ராத்திரி அந்த நாட்டு சீரியல் எல்லாம் பார்க்கிறவள்தான் நானும்.
தள்ளு. எந்த பாஷையிலாவது தள்ளு."

பெண். மூன்று கிலோ நூறு.
சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது, செவ்வாய்.
ஜர்கலின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவது.
அங்கே புதன் பிறந்து
நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

எங்களில் பலருக்குக் கிழமையே பெயர்.
செவ்வாய்க்கு மியக்மர். புதனுக்கு லக்வா.
"லக்வா" என்றான் போனில்
குரலைத் தாழ்த்தி. ஒரே அறையில் ஆறு பேர் தூங்குகிறார்கள்.
"மியக்மர்" என்றேன்.
"பெற்ற அப்பன் சொல்கிறேன், என் ஊரில் இன்றைக்குப் புதன்."

என் ஊரில், என்றான்.

அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
யாரோ புரண்டு படுக்கும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

காலையில் படிவம் கொடுத்தார்கள்.
மியக்மர் என்று எழுதினேன்.
பிறந்த இடம், எழுதினேன்.
தந்தையின் முகவரி என்ற கட்டத்தில்
பேனாவை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.
ஒரு கரும்புள்ளி விழுந்தது.
துடைக்கவில்லை,
அப்படியே நீட்டினேன்.